இரண்டாவது எழுத்தைப் பாருங்கள், டீச்சர்

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பள்ளிக் கண்காட்சிக்காகப் பழைய காசுகள் சேர்த்து வருகிறேன். இணையத்தில் பழக்கமான ஒருவர், 'உலகின் முதல் பணத்தாள், சீனாவின் தாங் வம்சம், 1,200 வருடப் பழசு' என்று ஒரு தாளை 45,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 5,000 முன்பணம் அனுப்பிவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். நீளம் எட்டரை அங்குலம், அகலம் ஐந்தரை என்று சொன்னார். மிச்சத்தைக் கொடுத்து வாங்கிவிடலாமா சார்? அப்புறம் இன்னொன்று. காகிதப் பணத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு பெயரும் ஒரு வருடமும் சொன்னால் அட்டையில் எழுதி ஒட்டிவிடுவேன்.

பதில்: வாங்காதீர்கள், டீச்சர். கதையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் அந்த மிச்சம் 40,000 ரூபாயை அனுப்பாமல் நிறுத்துங்கள்.

முப்பது வருடம் வங்கியின் கரன்சி செஸ்ட்டில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய நோட்டுகளைப் பார்த்துச் சொல்வது பொழுதுபோக்காக ஆரம்பித்தது, இப்போது அதுவே தொழில். உங்கள் படத்துக்கு எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. உங்களுக்கும் அவ்வளவுதான் ஆகும். சீன மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை.

படத்தைப் பெரிதாக்கி மேல்வரியைப் பாருங்கள். ஆறு பெரிய எழுத்துகள். அந்தக் காலத்தில் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள் என்பதால், வலது ஓரத்திலிருந்து இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு துண்டாக இருக்கும். இடப்பக்கம் ஒரு சின்னப் பெட்டி, நடுவில் ஒரு கோடு. வலப்பக்கம் கொஞ்சம் உயரமான பெட்டி, உள்ளே இரண்டு கோடு, கீழே மூடாமல் இரண்டு கால். முதலாவது சூரியன், அடுத்தது நிலா. இரண்டும் சேர்ந்தால் 'மிங்', வெளிச்சம். 1368-இல் ஆட்சிக்கு வந்த வம்சத்தின் பெயர் அது. தாங் வம்சம் 907-லேயே முடிந்துவிட்டது. 461 வருடம் கழித்து வரப்போகிறவர்களின் பெயரைத் தலைப்பில் போட்டு எந்தத் தாங் அதிகாரியும் தாள் அடித்திருக்க முடியாது. விற்கிறவர் தன் சரக்கை ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

சரி, தாங் இல்லாவிட்டால் போகிறது, அசல் மிங் தாளாகவாவது இருக்கக்கூடாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அளவு இடிக்கிறது. மிங் அரசின் ஒரு சரத் தாள், அதாவது ஆயிரம் காசுத் தாள், கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர் நீளம், 22 அகலம். ஜெராக்ஸ் கடை ஏ4 தாளைவிடப் பெரியது. உலகத்தில் புழங்கிய பணத்தாள்களிலேயே பெரியவற்றில் ஒன்று. உங்களுக்குச் சொன்ன எட்டரை அங்குலம் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அசல் தாள் மல்பெரி மரப்பட்டை நாரில் செய்தது. மங்கின சிலேட்டு நிறம், தடிப்பாக, துணி போலத் தளர்ந்து இருக்கும். மடித்த இடத்தில் இற்றுப்போயிருக்கும். முன்பக்கத்தில் இரண்டு சதுரச் சிவப்பு முத்திரைகள் பாதி அழிந்த நிலையில் தெரியும். உங்கள் படத்தில் இருப்பதோ ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீரான பழுப்பு. தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அந்த நிறம் வரும். முத்திரையின் சிவப்பு நேற்று வைத்த குங்குமம் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. சுற்றுலாக் கடைகளில் விற்கிற ஞாபகப் பொருள் இது. விலை ஐம்பதோ நூறோ இருக்கும்.

தாளின் கீழ்ப்பாதியில் கட்டம் கட்டி நெட்டுக்குத்தாகச் சில வரிகள் இருக்கின்றன, பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இந்தத் தாள் செப்புக் காசோடு சேர்ந்து செல்லும், கள்ளத்தாள் அடிப்பவனுக்குத் தலை போகும், அவனைக் காட்டிக்கொடுப்பவருக்கு 250 தேல் (சீன எடை அளவு) வெள்ளியும் குற்றவாளியின் சொத்தும் கிடைக்கும். போலி அடித்தவர் அதையும் ஒரு எழுத்து விடாமல் போலி அடித்திருக்கிறார்!

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கே அதில் இன்னொரு பதிலும் இருக்கிறது. தாங் காலத்துப் 'பணத்தாள்' என்று ஒன்றை யார் நீட்டினாலும், மேல்வரியைப் படிக்காமலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். தாங் காலத்தில் இருந்தது பணத்தாள் அல்ல. உண்டியல்.

கோயில் உண்டியலைச் சொல்லவில்லை. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்னோர் ஊரில் காசாக்குவார்களே, அந்த வியாபார உண்டியல். 800-களின் தொடக்கத்தில் தெற்கே இருந்து தேயிலை வியாபாரிகள் தலைநகரான சாங்கானுக்கு வந்து சரக்கை விற்றார்கள். கைக்கு வந்தது செப்புக் காசு. நடுவில் சதுர ஓட்டை, கயிற்றில் கோத்து ஆயிரம் காசு ஒரு சரம். ஒரு காசு நான்கு கிராம் என்று வையுங்கள், சரம் நான்கு கிலோ. இதை வண்டியில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோக எவனுக்கு மனசு வரும்? அதே சமயம் ஒவ்வொரு மாகாணமும் தன் வரிப்பணத்தைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இங்கிருந்து ஒருவன் காசை எடுத்துப்போகிறான், அங்கிருந்து ஒருவன் காசை எடுத்து வருகிறான். வியாபாரி தன் பணத்தைத் தலைநகரில் உள்ள மாகாண அலுவலகத்தில் கட்டினான். சீட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அவனிடம் கொடுத்தார்கள், மறுபாதி மாகாணத்துக்குப் போனது. ஊருக்குப் போய் இரண்டும் பொருந்தினால் காசு. இதற்கு 'ஃபெய்ச்சியன்' என்று பெயர், பறக்கும் காசு. 812-இல் அரசே இதை ஏற்று நடத்தி, ஆயிரத்துக்கு நூறு கமிஷன் கேட்டது. ஒரு வியாபாரியும் எட்டிப் பார்க்கவில்லை. கமிஷனைக் கைவிட வேண்டியதாயிற்று.

இந்தச் சீட்டைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. கட்டியவனுக்குத்தான் அது செல்லும். காசு வாங்கியதும் அதன் ஆயுசு முடிந்தது. ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. இல்லாத ஒன்றைத்தான் உங்களிடம் 45,000-க்கு விற்கப் பார்த்தார்.

காகிதம் உண்மையிலேயே பணமானது தென்மேற்குச் சீனாவின் சிச்சுவானில், சொங் வம்ச காலத்தில். அதற்குக் காரணம் இரும்பு. 965-இல் அந்தப் பகுதியைச் சொங் அரசு பிடித்த பிறகு அங்கே செப்புக் காசு புழங்கவிடவில்லை, இரும்புக் காசுதான். பத்துச் சரம் சின்ன இரும்புக் காசின் எடை 65 ஜின் என்று அந்தக் காலக் கணக்கு சொல்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 40 கிலோ. கடைவீதிக்கு மூன்று, ஐந்து சரம் எடுத்துப்போவதே பெரும்பாடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சில்லறை மூட்டை தூக்கித் தோள் காய்த்தவன் என்பதால் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, முதுகும் வலித்தது.

செப்பு ஏன் அவ்வளவு அருமைப் பண்டம் என்பதற்கு உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற ஒரு கணக்கு உண்டு. சீனச் செப்புக் காசு கப்பலேறி வெளியே போய்க்கொண்டே இருந்தது, அரசு தடை போட்டும் நிற்கவில்லை. 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சொங் அரசவைக்குப் போனது. கொண்டுபோன பொருளுக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது 81,800 சரம் என்று சீன நூல் சொல்கிறது. சரத்துக்கு மூன்று கிலோ என்று குறைத்து வைத்தாலும், காசாகவே ஏற்றியிருந்தால் 245 டன்! தஞ்சாவூர் மாவட்டத்தில் மண்ணுக்குள்ளிருந்து சீனக் காசுக் குவியல்கள் கிடைத்திருக்கின்றன. கண்காட்சியில் இதற்கென்று ஒரு மூலை ஒதுக்கலாம்.

சிச்சுவானுக்கு வருவோம். 993-இல் அங்கே பெரிய கிளர்ச்சி வெடித்தது. காசு அடிப்பது நின்றுபோனது. செங்டு நகர வணிகர்கள் தாங்களாகவே சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். இரும்பைக் கொண்டுவந்து கொடுத்தால், எடுத்து வைத்துக்கொண்டு தொகை எழுதிய தாள் தருவார்கள். செங்டுவில் மரக்கட்டை அச்சு ஏற்கனவே பெரிய தொழில். பௌத்த நூல் தொகுப்பு முழுவதையும் 1,30,000 பலகைகளில் செதுக்கிய ஊர் அது. தாளுக்கும் பஞ்சமில்லை. ஆகவே சீட்டில் வீடு, மரம், ஆட்கள் என்று படம் அச்சிட்டார்கள். சிவப்பும் கறுப்பும் மாற்றி மாற்றி வரும். நடுவில் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த ரகசியக் குறி. தொகையை மட்டும் கையால் எழுதினார்கள். இதன் பெயர் 'ஜியாவ்ஸி'. (சீன ஹோட்டலில் இந்தப் பெயரைச் சொன்னால் கொழுக்கட்டை வரும். உச்சரிப்பில் சின்ன வித்தியாசம்தான்.)

தாங் காலத்து உண்டியலிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பட்டு வாங்க வந்தவர் முதலில் சீட்டைக் கொடுத்து இரும்பை வாங்கி, பட்டுக்காரருக்குத் தூக்கிப்போய்க் கொடுத்திருப்பார். பட்டுக்காரர் அதே இரும்பை இன்னொரு கடையில் போட்டுச் சீட்டு வாங்கியிருப்பார். இரண்டு பேருக்கும் தோள்வலி. ஒரு நாள் பட்டுக்காரர், 'எதற்கய்யா இந்த அலைச்சல், சீட்டையே கொடு' என்றிருப்பார். இரும்பை வாங்கப் போகாமல் இருந்த அந்த நாளில்தான் அந்தத் தாள் பணமானது. அந்தப் பட்டுக்காரருக்குப் பெயர் கிடையாது. உங்கள் அட்டையில் ஒரே ஆளின் பெயரை எழுத முடியாததற்குக் காரணமும் அதுவே. 105-இல் காகிதம் செய்யும் முறையைச் சீர்படுத்தி அரசவைக்குச் சொன்ன சாய் லுன் பெயரைச் சிலர் இங்கேயும் ஒட்டுகிறார்கள். அவருக்கும் இதற்கும் 900 வருடத் தூரம்.

எல்லாம் நன்றாகப் போனால் கதை சப்பென்று முடிந்திருக்கும். செங்டு ஆளுநர் ஜாங் யோங், கண்ட கண்டவர்களெல்லாம் சீட்டு போடுவதைக் கண்டு, பதினாறு பணக்காரக் குடும்பங்களுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தார். ஆயிரத்துக்கு 30 காசு அவர்களுக்குக் கட்டணம். அவர்களோ ஊரார் போட்ட காசை எடுத்து வீடும் நிலமும் நகையும் வாங்கிக் குவித்தார்கள். அப்புறம் என்ன நடக்கும் என்று சீட்டு கம்பெனியில் பணம் போட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாசலில் கூட்டம், கூச்சல். அதிகாரிகள் வந்து சமாதானம் பேசினார்கள். கடைசியில் ஆயிரம் போட்டவருக்கு எழுநூறு எண்ணூறுதான் கிடைத்தது. அடுத்து வந்த ஆளுநர் ஒருவர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கடைகளை மூடினார். மூடியதும் வியாபாரம் படுத்துவிட்டது, ஏனென்றால் இரும்பின் எடை குறையவில்லையே! ஷுவே தியான் என்ற அதிகாரி, தனியார் வேண்டாம், அரசே நடத்தட்டும் என்று வாதாடினார்.

1023-இல் அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். 1024-இல் முதல் வெளியீடு வந்தது. மொத்தம் 12,56,340 சரத்துக்குத் தாள். கையிருப்பு 3,60,000 சரம் இரும்புக் காசு. நூறுக்கு 28 அல்லது 29 வருகிறது. எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்பதைத் துணிந்து கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் அரசு இது. வங்கிக்காரனாக எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இந்த எண்தான். இன்னொன்றும் செய்தார்கள். தாளுக்கு இரண்டு வருட ஆயுசு. முடிந்ததும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டும், ஆயிரத்துக்கு 30 காசு கட்டணம். கிழிசலும் போகும், கள்ளத்தாளும் பிடிபடும், அரசுக்கு வருமானமும் ஆயிற்று.

ஐம்பது வருடத்துக்குமேல் ஒழுங்காகவே ஓடியது. பிறகு போர்ச் செலவு வந்தது, அச்சுப் பலகை ஓயவில்லை. 1107 வாக்கில் ஒரு புதுத் தாளுக்கு நான்கு பழைய தாள் கேட்டார்கள்.

இதற்குப் பின்னால் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1160-இல் தெற்குச் சொங் அரசு 'ஹுய்ஸி' என்ற தாளை வெளியிட்டது. அதை அச்சிட்ட செப்புப் பலகை ஒன்று இன்றும் இருக்கிறது. 1260-இல் குப்ளாய் கான் தன் ஆட்சி முழுவதற்கும் தாள் வெளியிட்டார். மார்க்கோ போலோ வாயைப் பிளந்தது அதைப் பார்த்துத்தான். அந்தச் செய்தி பாரசீகம் வரை போய், 1294-இல் தப்ரீஸ் நகரத்தில் மங்கோலிய அரசர் அதே மாதிரித் தாள் அடித்துப் பார்த்தார். கடைவீதி வெறிச்சோடிப் போய், சில வாரங்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார். செங்டுக்காரர்களுக்கு இரும்பை விடத் தாள் எளிதாக இருந்தது. தப்ரீஸ்காரர்களுக்கு வெள்ளிக் காசில் ஒரு குறையும் இல்லை, எதற்குத் தாளைத் தொட வேண்டும்?

உங்கள் படத்தில் இருக்கிற வகை, அதாவது மிங் தாள், 1375-இல் வந்தது. நடுவில் பத்துக் காசுச் சரங்களின் படம் இருக்கும். சரத்துக்கு நூறு, ஆக ஆயிரம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்த்து மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம். படம் அருமை, ஆனால் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு தர யாரும் இல்லை. அரசு கொடுக்கும், திரும்ப வாங்கிக் காசு தராது. 1394-க்குள் தென்கிழக்கு மாகாணங்களில் ஆயிரம் என்று அச்சிட்ட தாள் 160 காசுக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடம்தான். பிறகு மக்கள் வெள்ளிக்குத் திரும்பினார்கள்.

செங்டு தாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிங் தாள் மட்டும் அங்கங்கே கிடைக்கிறது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் ஏலத்துக்கு வந்த ஒரு மரச்சிற்பத்தின் தலைக்குள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. காணிக்கையாக வைத்திருப்பார்கள். அதற்காவது பயன்பட்டதே.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். விற்கிறவரிடம் சண்டை போடாதீர்கள். 'இரண்டாவது எழுத்து மிங் என்று இருக்கிறது, அளவும் சரியில்லை, முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். அவர் போட்ட விளம்பரத்தை, 'தாங்' என்ற வார்த்தை தெரியும்படி, இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேட்டதும் அதைத்தான் முதலில் அழிப்பார். பணம் அனுப்பிய ரசீதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் பதில் வராவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஐயாயிரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 'நூறு வருடப் பழமை, உறுதியான சான்றிதழ் உண்டு' என்று அவர் வேறு ஒன்றை நீட்டக்கூடும். பினாங்கிலிருந்து வந்த பழைய பெட்டியில் கிடைத்தது என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்த சீனத் தாள்கள், செத்தவர்களுக்காகச் சடங்கில் எரிக்கிற நரக வங்கி நோட்டுகள். சான்றிதழோடுதான் கொண்டுவந்தார்.

அட்டையில் இப்படி எழுதுங்கள்: 'அரசு வெளியிட்ட முதல் காகிதப் பணம்: ஜியாவ்ஸி, செங்டு, சிச்சுவான், சீனா, 1024.' கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், 'இரும்பு சுமக்க முடியாத வியாபாரிகள்' என்று போடலாம். பக்கத்தில் ஒரு 40 கிலோ மூட்டையும் ஒரு தாளும் வைத்து, எது வேண்டும் என்று வருகிறவர்களைக் கேளுங்கள். மணல் மூட்டை போதும், செலவில்லை.

அவர் அனுப்பிய படத்தையும் அச்செடுத்து வைக்கலாம், கீழே 'நகல்' என்று பெரிதாக எழுதி. ஐயாயிரம் திரும்பி வந்ததா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.